வரப்பில் ஏறும் உப்பு, தொட்டியில் ஏறும் நீர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைக் கடந்து போகிறவர்களின் கண், குவித்து வைத்த உப்பின் மேலேயே நிற்கும். அடுத்த முறை இறங்கி வரப்பைப் பாருங்கள். வெயில் உறைத்ததும் அந்த மண் வரப்பின் பக்கங்களிலும் தலைப்பிலும் வெள்ளை பூத்திருக்கும். அங்கே யாரும் நீர் ஊற்றவில்லை. பாத்தியின் நீர்மட்டமும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. உப்பு மண்ணுக்குள்ளாகவே மேலே ஏறி வந்திருக்கிறது. இந்தக் கரையில் மாடியில் தக்காளி வளர்க்க நினைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டியது இந்த வரப்பைத்தான்.

மண்துகள்களுக்கு இடையில் மெல்லிய இடுக்குகள் உண்டு. நீர் அந்தத் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, பின்னால் வரும் நீரையும் இழுத்தபடி ஏறும். இதுதான் நுண்புழை ஏற்றம். குழல் குறுகக் குறுக ஏற்றத்தின் உயரம் கூடும் என்பதை 1718இல் ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கில மருத்துவர் விளக்கினார். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலில் நீர் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் 30 சென்டிமீட்டர் ஏறும். மணலில் இடுக்குகள் பெரியவை. நீர் சட்டென்று ஏறிக் கொஞ்ச உயரத்திலேயே நின்றுவிடும். களிமண்ணில் வெகு உயரம் ஏறும், ஆனால் மெதுவாக ஏறும்.

தானே நீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி இதே விசையில்தான் இயங்குகிறது. ஒரு பெயின்ட் வாளியின் அடியில் ஐந்தாறு லிட்டர் நீருக்கு இடம் விட்டு, மேலே துளையிட்ட தட்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதன் நடுவிலிருந்து மண் நிரப்பிய சிறு கூடை ஒன்று நீருக்குள் இறங்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்தக் கூடை மண் நீரை மேலே இழுக்கிறது. ஓரத்தில் நீர் ஊற்ற ஒரு குழாய், தட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு வழிதுளை. இந்த வழிதுளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மழையில் நீர்மட்டம் தட்டுக்கு மேலே போய், வேர் காற்றில்லாமல் அழுகும். குழாயின் வாயைக் கொசுவலையால் கட்டிவிடவும் வேண்டும். தேங்கிய நல்ல நீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும்.

இதில் என்னை வியக்க வைப்பது அதன் தன்னொழுங்கு. இலைகள் நீரை வெளியே விட்டதும் வேரைச் சுற்றிய மண் காய்கிறது. காய்ந்த மண் கீழிருந்து இழுக்கிறது. மேகமூட்டமான நாளில் இழுப்பு தானாகவே குறைகிறது. மோட்டாரோ கருவியோ எதுவும் இல்லாமல் செடி கேட்கிற அளவுக்குத் தொட்டி கொடுக்கிறது.

ஆனால் உப்பளக் கரையில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாக வேண்டும். கிணற்று நீரில் லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு வழியில்லாத இடத்தில் லிட்டருக்கு 2 கிராம் வரை கரைபொருள் உள்ள நீரைக் குடிக்கவே இந்தியத் தரவிதி அனுமதிக்கிறது. ஆகவே இது மோசமான நீர் என்று சொல்ல முடியாது. காய்க்கிற தக்காளிச் செடி கோடையில் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால், 60 நாளில் 120 லிட்டர். நீர் இலை வழியே ஆவியாகிவிடும். உப்பில் சிறு பகுதியைத்தான் செடி எடுத்துக்கொள்ளும். 100 கிராமுக்கு மேல் தொட்டியிலேயே தங்கிவிடும். தொட்டி மண் பிடித்து வைத்திருக்கும் நீர் சுமார் 10 லிட்டர். அப்படியானால் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல், கடல்நீரின் உவர்ப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மேலிருந்து ஊற்றும் சாதாரணத் தொட்டியில் உபரி நீர் உப்பைக் கழுவிக்கொண்டு அடித்துளை வழியே போய்விடும். இதில் நீர் எப்போதும் மேல்நோக்கியே போவதால் உப்பு வெளியேற வழியே இல்லை. கவனிக்காமல் விட்டால் மாடியில் நாம் கட்டுவது ஒரு சின்ன உப்புப் பாத்தியைத்தான்.

உப்பு சேர்ந்த மண் கைக்கு ஈரமாகவே இருக்கும், செடி மட்டும் நண்பகலில் துவளும். வேருக்குள் இருப்பதைவிட வெளியே கரைசல் செறிவாகும்போது வேரால் நீரை உள்ளிழுக்க முடிவதில்லை. கால்சியமும் சரியாக மேலே போகாது; தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு இது ஒரு காரணம்.

தொட்டிக்கு நிரப்பும் தென்னை நார்க் கழிவிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடிக்கும், வேருக்குக் காற்றும் விடும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது. ஆனால் உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த கழிவில் சோடியமும் குளோரைடும் நிறைய இருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியாமல் அதைத் தொட்டியில் போடக்கூடாது.

உப்பு நீரோடு மல்லுக்கட்டிய பழைய அனுபவம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கர்னாலில் 1969இல் தொடங்கப்பட்ட மத்திய மண் உவர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தில், 1970களில் ஆர்.சி. மண்டல் என்ற விஞ்ஞானி மண்பானைகளைக் கழுத்தளவு புதைத்துச் சுற்றிலும் காய்கறி பயிரிட்டார். பானையைப் புதைத்து முலாம்பழம் வளர்க்கும் முறை, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் நூலிலேயே உண்டு. கர்னாலில் பானைக்குள் உவர்நீரையே ஊற்றிப் பார்த்தார்கள், விளைச்சல் வந்தது. பானைச் சுவரின் நுண்துளைகள் வழியே கசிவு ஓயாமல் நடப்பதால் வேரருகே மண் காய்வதே இல்லை, உப்பும் செறிவதில்லை. ஈரம் பரவும் வட்டத்தின் வெளி விளிம்புக்கு உப்பு தள்ளப்பட்டு அங்கே போய்ச் சேர்கிறது. நிலத்துக்கு அப்படியொரு வெளி விளிம்பு உண்டு. வாளிக்கு அது கிடையாது.

ஆகவே வாளிக்கு வேறு உபாயங்கள். மேல்மண்ணைக் காய்ந்த சருகாலோ வைக்கோலாலோ இரண்டு மூன்று விரல்கடை மூடுங்கள். வெயில் மண்ணிலிருந்து நேராகக் குடிப்பது குறையும், நீர் செடி வழியே மட்டும் போகும். மாதம் ஒருமுறை அடிநீரை வடித்துவிட்டு, மேலிருந்து நல்ல நீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, அதையும் வடித்துவிடுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய துணை மழைநீர். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. 20 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2000 லிட்டர். வடகிழக்குப் பருவமழைக்கு இது பெரிய அளவே அல்ல. கடற்காற்று கூரையில் படிய வைத்த உப்பை அடித்துச் செல்லும் முதல் மழையை விட்டுவிட்டு, 1500 லிட்டர் பிடித்து மூடி வைத்தாலும், ஐந்து தொட்டிகளுக்கு நாளுக்கு 10 லிட்டர் வீதம் ஐந்து மாதம் தாங்கும். பொங்கலுக்குப் பிறகு ஆனி வரை, அதாவது உப்பள வேலை மும்முரமாக நடக்கும் அதே மாதங்களில், வீட்டுக்குக் காய்கறி.

எதை நடுவது என்பதிலும் உப்பின் தீர்ப்பு இருக்கிறது. பயிர்களின் தாங்குதிறனை மாஸ், ஹாஃப்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1977இல் பட்டியலிட்டார்கள். மண்ணை நீர்விட்டுக் குழைத்து எடுத்த சாற்றின் மின்கடத்துதிறனே அளவுகோல். கடல்நீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 50 டெசிசீமென்ஸ். பீன்ஸ் 1ஐத் தாண்டியதுமே விளைச்சலில் சரிகிறது. வெங்காயமும் முள்ளங்கியும் 1.2 வரை, மிளகாய் 1.5 வரை, தக்காளி 2.5 வரை தாங்கும். பின்னர் வந்த ஆய்வுகளின்படி காராமணி 5ஐயும் கொத்தவரை 8ஐயும் தொடும்வரை அசைவதில்லை. கொத்தவரையையும் காராமணியையும் கிணற்று நீர் பாயும் தரையிலேயே விதைத்துவிட்டு, பிடித்து வைத்த மழைநீரை வாளியில் நிற்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் ஒதுக்குவது இந்தக் கரைக்குப் பொருந்தும்.