ஐபிஏவில் உப்பு கரையாது: காசிமேட்டு போர்டுகளைக் கழுவுவது பற்றி

சர்க்யூட் போர்டு கழுவ என்ன வாங்கலாம்னு ரிச்சி தெருவில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். சால்டரிங் பண்ணின ஃப்ளக்ஸை எடுக்க அது சரியான பதில். ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், கடலை ஒட்டியே இருக்கிற நம்ம ஊரில், போர்டில் படிகிற முக்கியமான அழுக்கு உப்பு.

ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின், பைன் மரப் பிசின். ஆல்கஹாலில் கரையும், தண்ணீரில் கரையாது. உப்பு அப்படியே நேரெதிர். 100 மி.லி. தண்ணீரில் சுமார் 36 கிராம் கரையும். சுத்தமான ஐபிஏவில் கரைவது மிகச் சொற்பம். 99 சதவீத ஐபிஏவை ஊற்றித் தேய்த்தால் போர்டு பளபளன்னு ஆகிடும், உப்பு மட்டும் ஐசி கால்களுக்கு அடியில் போய் ஒதுங்கிக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரைசலாகும். சென்னை ராத்திரிகளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. அந்தக் கரைசல் வழியாக ஒரு டிராக்கிலிருந்து பக்கத்து டிராக்குக்கு உலோக அயனிகள் நகர்ந்து, கிளை கிளையாக வளர்ந்து ஷார்ட் ஆக்கும். மேசையில் நல்லா ஓடின போர்டு கொஞ்ச நாள் கழித்துப் போவது இப்படித்தான். காசிமேட்டுப் படகின் ஜிபிஎஸ், வயர்லெஸ் செட் என்றால், அது போவது நடுக்கடலில்.

அதனால் முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கு. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் போதும். மென்மையான பிரஷ், இரண்டு மூன்று அலசல். கடைசியில்தான் ஐபிஏ: மிச்ச ஃப்ளக்ஸையும் எடுக்கும், தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சீக்கிரம் காயும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததே, அப்படி நனைந்த போர்டுக்கு வரிசை இன்னும் ஒரு படி நீளும். எண்ணெய்ப் படலம் மேலே இருந்தால் தண்ணீர் உப்பைத் தொடவே முடியாது. பாத்திரம் கழுவும் லிக்விடை நீர்த்துத் தேய்த்து எண்ணெயை எடுத்துவிட்டு, அப்புறம் மேலே சொன்னபடி அலசணும்.

பெட்ரோலில் கழுவுகிறவர்களை இன்னமும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், ஒரு பொறி போதும். ஐபிஏவும் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்க. தின்னர் கனெக்டர் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கொரோனா சமயத்தில் வாங்கிவைத்த சானிட்டைசரும் உதவாது, பெரும்பாலும் அதில் கிளிசரின் இருக்கும். அது காயாமல் ஈரத்தை இழுத்துக்கொண்டே கிடக்கும்.

ஒரு காலத்தில் தொழிற்சாலைகளில் சிஎஃப்சி-113 என்ற கரைப்பான் ஓடியது. தீப்பிடிக்காது, சட்டென்று காயும். ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக வெளியேறியது. அதுவும் தனியாக உப்பை எடுக்காது, ஆல்கஹால் கலந்துதான் பயன்படுத்தினார்கள்.

இன்வெர்ட்டர், எஸ்எம்பிஎஸ் போர்டில் கை வைக்கும் முன் பெரிய கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் பண்ணுங்க. கரண்டைப் பிடுங்கின பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். சீல் இல்லாத ரிலே, பஸ்ஸர், டிஸ்ப்ளே மூன்றையும் நனைக்காதீங்க. கழுவினதை 50, 60 டிகிரி சூட்டில் சில மணி நேரம் காயவிட்டு அப்புறம் பவர் கொடுங்க.