வாவி மேல் ஓர் இராச்சாப்பாடு

பாங்கொக்கில் பொழுது சாய்ந்ததும் சாவோ பிரயா ஆற்றில் மாடி வைத்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். வாட் அருண் கோபுரம் வெளிச்சத்தில் மின்ன, மேசையில் இரவுணவு வரும். பாரிஸில் சேன் ஆற்றின் மேல் ஐபல் கோபுரத்தைப் பார்த்தபடி சாப்பிடலாம். கோவாவில் மண்டோவி ஆற்றுப் படகுகளில் ஆட்டமும் பாட்டும் நடக்கும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். வந்ததும், "இங்கயும் அப்பிடி ஒரு போட் இருக்கா, பெரியம்மா?" என்று கேட்கிறார்கள்.

இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். மாடி வைத்த படகு கிடையாது. மீன்பிடிப் படகில் பலகை போட்டு உட்கார வேண்டும். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். ஆனால் அந்த நகரங்களில் எல்லாம் ஆற்றில் இறங்குவது கண்ணுக்காக. மட்டக்களப்பு வாவியில் இரவு இறங்குவது காதுக்காக, நீருக்குள்ளிருந்து பாடுவதாகச் சொல்லும் பாடுமீனின் குரலுக்காக. எந்த மாதம் போவது, எங்கே சாப்பிடுவது, எப்போது எஞ்சினை நிறுத்துவது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இதிலிருந்துதான் வருகிறது.

நான் கல்லடியில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஆகவே முதலில் வாவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையோடு சமாந்தரமாகக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அதுதான் எழுவான்கரை. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்பது அங்கே. மேற்குப் பக்கம் படுவான்கரை. வயலும் மாடும் எருமையும் குளங்களுமான நாடு. இரு கரைகளுக்கும் இடையில் இன்றைக்குப் பாலங்கள் உண்டு. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே இன்னும் மிதவைப் பாதையில்தான் ஆட்களும் சைக்கிள்களும் கடக்கின்றன.

இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு கடலோடு சேர்வது இரண்டே இடங்களில்: நகரத்தின் அருகே பாலமீன்மடு முகத்துவாரத்தில், தெற்கே பெரியகல்லாற்றில். கார்த்திகை, மார்கழி மழைக்குப் படுவான்கரை வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்கும். முகத்துவாரத்து மணலை வெட்டிக்கொண்டு அது கடலில் பாயும். அந்த நாட்களில் நீர் கலங்கி, வேகமாக ஓடும், உப்பும் குறைந்திருக்கும். மழை ஓய்ந்த பிறகு கடல் தன் பங்குக்கு மணலைக் கொண்டுவந்து வாயை ஒடுக்கும். சித்திரை பிறக்கும்போது வாவி தெளிந்து அசையாமல் கிடக்கும். ஆழமான இடத்திலும் ஏறக்குறைய 4 மீற்றர்தான். பாடுமீனைக் கேட்க ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்று ஊரில் சொல்வது இதனால்தான். பகலில் கச்சான் காற்று உடம்பை எரித்தாலும் பொழுதுபட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

நாள் பார்ப்பதென்றால் பூரணைதான். இலங்கையில் ஒவ்வொரு பூரணையும் விடுமுறை நாள் என்பதால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். மதுக்கடைகளும் அன்று மூடியிருக்கும். படகில் போகிறவர்களுக்கு அதுவும் பாதுகாப்பு.

பின்னேரம் ஐந்து மணிக்குப் புளியந்தீவில் காந்தி பூங்காப் பக்கமிருந்து புறப்படுவது என் வழக்கம். நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு வாவிக்குள் இருக்கும் ஒரு தீவு. நகரத்துக்கு வருகிறவர்கள் ஒரு காலத்தில் நீர்வழியாகவே வந்தார்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் படகில் வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். அவர் அந்த ஆண்டு தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அடுத்து கோட்டை. 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. பத்து ஆண்டுகளிலேயே, 1638இல், ஒல்லாந்தர் கைக்குப் போனது. தெருவில் நின்று பார்த்தால் அது அரசாங்க அலுவலகங்கள் இருந்த ஒரு பழைய கட்டடம். நீரிலிருந்து பார்க்கும்போதுதான் அதை ஏன் அந்த மூலையில் கட்டினார்கள் என்பது பிள்ளைகளுக்கு விளங்குகிறது. இரு பக்கம் வாவி, மற்ற இரு பக்கம் அகழி. படகில் வருகிற எவனும் கோட்டையின் கண்ணுக்குத் தப்ப முடியாது.

கோட்டையைத் தாண்டினால் கல்லடிப் பாலம். பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அன்றைய ஆளுநர் வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம் என்று அழைக்கப்பட்டது. ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய அகலம். எதிர்ப்பக்கத்து வாகனங்கள் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் காத்து நிற்போம். யப்பானின் உதவியோடு புதிய பாலம் 2013இல் பக்கத்திலேயே வந்தது. பழையது இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும். அதன் அடியிலுள்ள பாறைகளைத்தான் பாடுமீனின் இடம் என்று பரம்பரையாகச் சொல்லி வந்தார்கள். புதிய பாலத்தின் வாகன இரைச்சல் நீருக்குள்ளும் இறங்குவதால், எங்கள் படகுக்காரர் பாலத்தைக் கடந்து தெற்கே, கண்டல் மரங்கள் அடர்ந்த ஓரத்துக்குப் போய்த்தான் எஞ்சினை நிறுத்துவார்.

அங்கே காத்திருக்க வேண்டியது ஆறு மணி கடந்த சிறு பொழுதுக்கு. பூரணை நாளில் சூரியன் படுவான்கரையில் இறங்குகிற நேரமும் சந்திரன் எழுவான்கரைத் தென்னைகளுக்கு மேலே ஏறுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. வாவி வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பதால், நடுவில் நிற்கும் படகிலிருந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி இரண்டையும் பார்க்கலாம். கரும்பலகையில் சோக்கட்டியால் வட்டம் போட்டு, பூமியை நடுவில் வைத்து, பூரணை எப்படி வருகிறது என்று ஆண்டுக்கணக்காக விளக்கியிருக்கிறேன். வாவி நடுவே அதற்கு விளக்கமே தேவைப்படுவதில்லை.

சாப்பாட்டை அப்போது திறந்துவிட வேண்டும்; இருட்டிய பிறகு பாத்திரச் சத்தம் கூடாது. வாழையிலையை வாட்டி, ஆளுக்கொரு பொதியாக அரிசிமாப் பிட்டு கட்டியிருப்பேன். வாவி இறாலை மிளகாய்த்தூளும் மஞ்சளும் போட்டுப் பிரட்டிய பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, மாசிச் சம்பல். வாவி நண்டுக்கு எங்கள் ஊர் பெயர்போனது. ஆனால் குழம்பு வைத்த நண்டைப் படகில் உடைத்துச் சாப்பிடுவது பெரும்பாடு. அது மறுநாள் மத்தியானத்துக்கு. கடைசியில் படுவான்கரையிலிருந்து வரும் எருமைத் தயிர், மண்சட்டியோடு. காத்தான்குடியிலுள்ள என் பள்ளித் தோழி நான் வாவிக்குப் போகிறேன் என்று தெரிந்தால் வட்டிலாப்பம் செய்து அனுப்பிவிடுவா. இங்கே தமிழரும் முஸ்லிம்களும் குழலுக்குள் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல அடுத்தடுத்து வாழ்கிறவர்கள் என்று மூத்தவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இடையில் கசப்பான ஆண்டுகள் வந்து போனதால் அந்தப் பேச்சைப் பிள்ளைகளின் காதில் போட்டுவைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டு முடிந்து, இலையையும் மிச்சத்தையும் பையில் கட்டிய பிறகு படகுக்காரர் துடுப்பை நீருக்குள் செங்குத்தாக இறக்குவார். "இனிக் கதைக்காதங்க மனே. கம்புல காதை வைச்சிக் கேளுங்க" என்பார்.

மற்ற முனையில் காதை வைத்தால்தான் கேட்கும் என்பதற்குக் காரணம் உண்டு. நீருக்குள் பிறக்கும் ஒலி மேற்பரப்பில் பட்டதும் ஏறக்குறைய முழுதும் உள்ளே திரும்பிவிடுகிறது. அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே காற்றுக்கு வருகிறது. துடுப்பின் மரமோ ஒலியைக் கடத்துவதில் காற்றைவிட நீருக்கு நெருக்கமானது. ஆகவே ஒலி மரத்துக்குள் ஏறி, அதன் வழியே காதெலும்புக்கு வந்து சேர்கிறது. இதைப் பௌதிகப் புத்தகம் பார்க்காமலேயே எங்கள் மீனவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

கேட்பது என்ன? தாழ்ந்த ஒரு சுருதி நிற்கும். சற்று உயர்ந்த இன்னொன்று வேறொரு திசையிலிருந்து வந்து சேரும். ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். படகு நகர்ந்தால் ஒன்று தேயும், மற்றது வலுக்கும். 1848இல் இங்கே வந்த குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ட், ஈரவிரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்துக்கு இதை ஒப்பிட்டார். அவரைக் கூட்டிப்போன மீனவர்கள் இது மீனின் குரல் அல்ல, ஊரி என்ற நத்தைகளின் குரல் என்று சொன்னதையும் தன் நூலில் எழுதிவைத்தார். 1950களில் யேசுசபைத் துறவி லாங் அடிகளார் இந்த ஒலியைப் பதிவு செய்தார். பின்னாளில் அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது.

ஊரியா மீனா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் மீன்கள் ஒலியெழுப்பும் என்பதில் ஐயமே இல்லை. பல மீன்களுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கிறது. அதை ஒட்டிய தசைகள் வேகமாகத் துடிக்கும்போது பை அதிர்ந்து ஒலி எழுகிறது. பெரும்பாலும் அது ஆண்மீன் பெண்மீனுக்கு விடுக்கும் அழைப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சோசலிட்டோ என்ற ஊரில் படகுவீடுகளில் வாழ்கிறவர்கள் 1980களில் இரவெல்லாம் ஒரு ரீங்காரம் கேட்டுத் தூக்கமிழந்தார்கள். கழிவுநீர்ப் பம்பு, இராணுவ இரகசியம் என்றெல்லாம் சந்தேகப்பட்டார்கள். முடிவில் அது தேரைமீன் குடும்பத்து ஆண்மீன்களின் அழைப்பு என்று தெரிந்தது. பிறகு அந்த ஊர் அந்த மீனுக்கு விழாவே எடுத்தது.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளும் இந்த வாவிக்கரையில் வாழ்ந்தவர். புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, அங்கேயே படிப்பித்தவர். நீருக்குள் பாடும் அரமகளிரை வைத்து 'நீரரமகளிர்' என்ற பாடலை அவர் இயற்றினார். பழந்தமிழரின் யாழையும் அதன் சுருதிகளையும் கணக்கிட்டு ஆராய்ந்த 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. சுருதி தேடிய ஒரு மனிதரை வளர்த்த ஊருக்கு அந்த வாவியின் சுருதியைக் காக்கும் பொறுப்பு உண்டு.

ஏனென்றால் அதைக் கேட்காமலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. போர்க்காலத்தில் இரவில் வாவியில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பது. மீனவருக்கே நேரக் கட்டுப்பாடு இருந்தது. பாலத்தில் சோதனைச் சாவடி இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் அடித்துச் சென்ற பிறகு, நீரைப் பார்க்கவே பலருக்கு மனம் வரவில்லை. என் மாணவர்களில் எத்தனையோ பேருக்குப் பாடுமீன் என்பது சந்தியில் நிற்கும் சிலையும் பாடசாலைச் சின்னமும்தான். 'மீன்பாடும் தேனாடு' என்று மேடையில் முழங்கியவர்களில் பலர் அந்தப் பாட்டை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது அதனால்தான்.

இப்போது வாவியில் உல்லாசப் படகுகள் வருகின்றன. வரட்டும். மீன்பாடு குறைந்த நாளிலும் படகுக்காரருக்கு வருமானம் கிடைப்பது நல்லது. ஆனால் ஒலிபெருக்கி கட்டிய படகில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கமும் கூடவே வரத் தொடங்கியிருக்கிறது. நீருக்குள் ஒலி காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும், வெகுதூரமும் போகும். பாடுமீனின் குரல் நம் துடுப்புக்கு வந்து சேர்வது எந்த நீரால் நடக்கிறதோ, அதே நீர் எஞ்சின் இரைச்சலையும் மீனிடம் கொண்டுபோகிறது. துணையை அழைக்கும் மீனின் குரல் துணைக்குக் கேட்காமல் போனால் முட்டை இல்லை, குஞ்சு இல்லை. கண்டல் மரங்களை வெட்டினாலும் முடிவு அதுதான். இறாலும் மீனும் குஞ்சாக ஒளிந்து வளர்வது அந்த வேர்களுக்கு நடுவில்.

வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. ஆளுக்கொரு பாதுகாப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். வாவியை அறிந்த ஊர் மீனவரின் படகைக் கேட்டு எடுங்கள். பொலித்தீனைக் கரையிலேயே விட்டுவிட்டு, சாப்பாட்டை இலையில் கட்டுங்கள். அந்தி சாய்வதற்குள் சாப்பிட்டு முடியுங்கள். பிறகு எஞ்சினையும் கைபேசியையும் நிறுத்திவிட்டு, துடுப்பை ஆளுக்காள் மாற்றிக் கொடுங்கள். முதல் தடவையே கேட்டுவிடும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சில இரவுகளில் வாவி பாடுவதில்லை.

மாநகர சபையிடமும் மீனவர் சங்கங்களிடமும் கேட்பதும் ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள பூரணை இரவுகளில், எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை, கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் எஞ்சினும் ஒலிபெருக்கியும் வேண்டாம் என்று ஒரு விதி செய்யுங்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குத் துடுப்பால் தள்ளும் தோணிக்காரருக்கு எஞ்சின் படகின் கூலியையே கொடுக்க நாங்கள் ஆயத்தம். கட்டடம் எழுப்பத் தேவையில்லை, வெளிநாட்டு உதவியும் தேவையில்லை. வருகிற சித்திரைப் பூரணையிலிருந்தே தொடங்கலாம்.