கடல் இல்லாத ஊரில் கடல் சித்திரங்கள்

மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு ஏறி நின்று நாலா பக்கமும் பாருங்கள். வடக்கே காவிரி தெரியும். அதற்கப்பால் கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே தென்னையும் கோபுரங்களுமாகத் திருவரங்கம். கடல் மட்டும் எந்தத் திக்கிலும் தென்படாது. கிழக்கே நூறு கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்தால்தான் உப்புக் காற்று முகத்தில் படும்.

ஆனால் கடலைச் சித்திரத்தில் காண இந்த ஊர்க்காரர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. பூஜை அறையிலே கடல் இருக்கிறது. கடைத் தெருவிலே கண்ணாடிச் சட்டத்துக்குள் கடல் தொங்குகிறது. ரங்க விலாச மண்டபத்துக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் அரங்கநாதர் படங்களை எடுத்துப் பார்த்தால், பெருமாளுக்கும் ஆதிசேஷனுக்கும் கீழே அலை சுருண்டு கொண்டிருக்கும். அதுதான் பாற்கடல்.

படத்தை வாங்குகிறவர்கள் திருமுகத்தைப் பார்ப்பார்கள், திருவடியைப் பார்ப்பார்கள். கீழே இருக்கும் தண்ணீரை யார் பார்க்கிறார்கள்? நாம் இன்று அந்தத் தண்ணீரைத்தான் பார்க்கப் போகிறோம்.

வெள்ளைக் கடலை எப்படி எழுதுவது?

திருவரங்கத்துக் கதையிலேயே கடல் இரண்டு உண்டு. ஒன்று, பெருமாள் பள்ளி கொண்டிருக்கும் பாற்கடல். மற்றொன்று, இலங்கையைச் சூழ்ந்த உப்புக் கடல். அயோத்தியில் இராமபிரானிடம் விமானத்தைப் பெற்றுக் கொண்டு விபீஷணன் இலங்கைக்குப் புறப்பட்டான். வழியில் காவிரி நடுவே இறக்கி வைத்தான். மறுபடி தூக்க முடியவில்லை என்பது தல புராணம். விபீஷணன் மனம் குளிரும்படி அரங்கன் தென் திசையை நோக்கிப் பள்ளி கொண்டான் என்பார்கள். கடலைத் தாண்டிப் போகாத பெருமாள், கடலுக்கு அப்பால் உள்ள பக்தனைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்! இரண்டு ஆறுகள் சூழ்ந்த தீவு அவருக்குப் பாற்கடலாகி விட்டது.

இதைச் சித்திரமாக எழுத உட்காருகிறவருக்கு முதலிலேயே ஒரு சங்கடம் வந்து விடுகிறது. பாற்கடல் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். கடல் என்றாலோ, பார்க்கிறவர் மனம் நீலத்தைத் தேடும். நீலத்தைத் தீட்டினால் பால் போய் விடும். வெள்ளையை விட்டால் கடல் போய் விடும். போதாக்குறைக்குப் பெருமாளே கார்மேக வண்ணர். அவர் திருமேனியும் நீலம், கடலும் நீலம் என்றால் எது எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டாமா?

இதற்கு நம் சித்திரக்காரர்கள் கண்ட வழி, வர்ணத்தை நம்பாமல் கோட்டை நம்புவது. வளைந்த கோடுகளை மீன் செதில் போல வரிசை வரிசையாக அடுக்குவார்கள். அவற்றின் நடுவே இரண்டு மீன், ஓர் ஆமை, வாய் பிளந்த ஒரு மகரம். அவ்வளவுதான், கடல் வந்து விட்டது! அடியில் இருக்கும் வர்ணம் வெள்ளையோ, பச்சையோ, நீலமோ, அது கடல்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831-ஆம் ஆண்டு வாக்கில் செதுக்கச் செய்த பேரலைப் படம் உலகப் புகழ் பெற்றது. ஐரோப்பாவிலிருந்து வந்த புதிய நீல வர்ணம் அதற்குக் கை கொடுத்தது. என்றாலும் அந்த அலைக்கு உயிர் தருவது அதன் நுனியில் நகம் போல் வளைந்த கோடுகளே. கோட்டினால் கடலைப் பிடிக்கும் வித்தையில் கிழக்கு நாட்டு ஓவியர்கள் ஒருவருக்கொருவர் உறவினர்தான்.

பொய்கை கற்றுத் தந்த பாடம்

பாற்கடல் படங்கள் பலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. அலைகளுக்கு நடுவே தாமரை பூத்திருக்கும். உப்புக் கடலில் தாமரை பூக்குமா? பூக்காது. பின் எங்கிருந்து வந்தது அந்தத் தாமரை?

அது குளத்திலிருந்து வந்தது. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் சமணக் குகைக் கோயிலின் விதானத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 1948-இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இணைந்ததிலிருந்து 1974-இல் தனி மாவட்டம் ஆகும் வரை, அந்தக் குகை திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் அதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. விதானம் முழுவதும் ஒரே தாமரைப் பொய்கை. மீன்கள் துள்ளுகின்றன; அன்னங்கள் நீந்துகின்றன; யானையும் எருமையும் இறங்கியிருக்கின்றன; சிலர் பூப்பறிக்கிறார்கள்.

உள்நாட்டு ஓவியருக்குத் தண்ணீர் என்றால் அன்றாடம் கண்ட தண்ணீர் குளமும் ஆறும்தான். கடலை எழுத வேண்டி வந்தபோது, குளத்தையே பெரிதாக்கிக் கடலாக எழுதினார். அவர் கடலைப் பார்த்திருக்கலாம்; பார்க்காமலும் இருந்திருக்கலாம். பார்த்தாக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தமிழ்க் கவிஞர்களுக்கும் இது புதிதல்ல. நெய்தல் திணை பாட வேண்டுமானால் புன்னை, தாழை, நண்டு, வலை, பிரிந்தவனை எண்ணி இரங்கும் பெண் என்று எல்லாம் மரபாக வகுத்து வைத்திருக்கிறதே! உறையூரில் பிறந்தவரும் அந்த மரபைக் கொண்டு கடற்கரையைப் பாடலாம்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலிலும் பள்ளி கொண்ட பெருமாள் இருக்கிறார், பாறையிலே செதுக்கிய வடிவமாக. அங்கே கடலை எழுதிக் காட்டத் தேவையில்லை, அலையோசையே கேட்கிறது. திருவரங்கத்தில்தான் கடலை எழுத வேண்டியிருக்கிறது.

காக்காப்பொன் தகட்டில் மீனவர்

சாமி படத்திலிருந்து மனிதர் படத்துக்கு வருவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி ஒரு விசேஷமான சித்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்காத் தகட்டின் மேல் வர்ணம் தீட்டும் தொழில் அது. வடக்கே பாட்னா, காசி, மூர்ஷிதாபாத், தெற்கே திருச்சி. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் மெல்லிய தகடு. அளவு அஞ்சலட்டைக்குச் சற்று முன்பின் இருக்கும். அதன் மேல் பட்டை தீட்டியதுபோல் பளிச்சென்று வர்ணம்.

வாங்கியவர்கள் யார்? திருச்சி பெரிய ராணுவ நிலையமாக இருந்த காலம் அது. பாளையத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் இருந்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது இந்த நாட்டு மக்கள் எப்படி உடுத்துகிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்று உற்றாருக்குக் காட்ட ஏதேனும் வேண்டும். புகைப்படக் கருவி கைக்கு வராத காலம். எனவே தச்சர், குயவர், பல்லக்குத் தூக்கிகள், உற்சவ ஊர்வலம் என்று கட்டுக் கட்டாகப் படங்கள் விலை போயின.

தஞ்சாவூரிலும் அதே காலத்தில் காகிதத்தில் இத்தகைய வரிசைகளை எழுதினார்கள். கணவனும் மனைவியுமாக இரண்டிரண்டு பேரை நிறுத்தி, கையில் அவரவர் தொழிற்கருவியைக் கொடுப்பது வழக்கம். அந்த வரிசைகளிலே மீனவரும் அவர் மனைவியும் வருகிறார்கள். அவர் கையில் வலை. அவள் தலையில் மீன் கூடை. பின்னால் கடல் இருக்கிறதா என்று தேடினால் பெரும்பாலும் இராது. வெறும் தரை, கொஞ்சம் வானம்.

பாற்கடல் படத்தில் மனிதரில்லாத கடல். தொழில் வரிசைப் படத்தில் கடலில்லாத மீனவர்! வாங்குகிறவருக்கு வேண்டியது ஆளின் உடையும் சாதியும் மட்டுமே. அந்த ஆள் விடியற்காலையில் எந்த அலையைத் தாண்டிப் போனார் என்பது அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

சென்னைக்கு வந்த வெள்ளைக்கார ஓவியர்கள் மட்டும் அலையை எழுதினார்கள். அதற்கும் காரணம் உண்டு. அன்று சென்னையில் கப்பல் ஒட்டி நிற்கத் துறைமுகம் இல்லை. நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து மசூலாப் படகில் இறங்கி, நுரைக்கும் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டும். உயிர் அப்போது நம் படகோட்டிகளின் கையில். கட்டுமரக்காரர்கள் கடிதங்களைத் தங்கள் ஓலைத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக் கொண்டு கப்பலுக்குப் போவார்கள். அந்தத் திறமையைக் கண்டு வியந்தவர்கள் அதைப் படமாக்கினார்கள். ‘கட்டுமரம்’ என்ற நம் சொல்லும் ஆங்கிலத்துக்குக் கப்பலேறியது.

லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-இல் புகைப்படக் கருவியுடன் திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் வந்து படங்கள் எடுத்தார். அதன் பிறகு மைக்காச் சித்திரத்துக்கு நாள் எண்ணப்பட்டது. ஒரு நொடியில் பதியும் முகத்துக்கு முன்னால், தூரிகையால் எழுதும் முகம் எத்தனை நாள் நிற்கும்? தொழில் நசிந்தது. தகடு வளைந்தால் வர்ணம் உதிரும். ஓரம் பட்டால் ஏடு ஏடாகப் பிரியும். தப்பிப் பிழைத்தவற்றில் பல இன்று லண்டன் போன்ற இடங்களின் காட்சிச் சாலைகளில் இருக்கின்றன. அவற்றின் அடியில் ‘திருச்சினாப்பள்ளி’ என்று ஊர்ப்பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இராது.

கடலோரத்தில் குடியேறியவர்கள்

கடலைத் தேடி ஓவியர்களே போன காலமும் வந்தது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக் கொண்டு 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் வேலை செய்து விற்ற பணத்தைக் கொண்டு மணல்வெளியில் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார்கள். காலையில் கைத்தொழில், மற்ற நேரத்தில் ஓவியம் என்று வாழ்க்கை நடத்தினார்கள். பக்கத்திலே மீனவர் குப்பம், எதிரே கடல். அன்று ஆளரவமற்று இருந்த அந்த இடத்தின் வழியே இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது.

கடல் அருகே குடியிருந்தும் எல்லாரும் கடலையே எழுதவில்லை. பணிக்கரின் பிற்கால ஓவியங்களில் எழுத்தும் எண்ணும் ஜாதகக் கட்டமும்தான் நிறைந்திருக்கின்றன. கண்ணெதிரே இருப்பதை அப்படியே எழுதுவதுதான் ஓவியம் என்று நாம் நினைத்தால் ஏமாந்து போவோம்.

கேட்டு எழுதிய ஆழிப்பேரலை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையை நாம் மறக்க முடியாது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காவிரி போய்ச் சேரும் கடல் அது.

அந்தத் துயரத்தைப் படமாக்கியவர்களில் இருவர் கடலோரத்தார் அல்லர். மேற்கு வங்காளத்தில் மேதினிபூர் பகுதியைச் சேர்ந்த மொய்னா சித்திரகர், ஜாய்தேவ் சித்திரகர் என்ற தம்பதியர். நீண்ட சுருளில் கதையைச் சித்திரமாக எழுதி, பாடிக்கொண்டே ஊருக்கு ஊர் விரித்துக் காட்டும் மரபில் வந்தவர்கள். கேள்விப்பட்ட பேரலையைச் சுருளில் எழுதினார்கள். அதற்குப் பாட்டும் கட்டினார்கள். சென்னையிலுள்ள தாரா புக்ஸ் நிறுவனம் 2009-இல் அதைச் சுருள் போலவே விரியும் புத்தகமாக வெளியிட்டது. அதில் அலைக்கு ஒரு முகம் இருக்கிறது. பயங்கரமான அந்த முகத்தின் கீழே மனிதர்களும் வீடுகளும் அடித்துச் செல்லப்படுகின்றன.

கண்ணால் கண்ட அலைக்கு முகம் கிடையாது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் கேட்டால், முகம் இருந்தது என்றுதான் சொல்வாள். கேட்டு எழுதிய கடல் பொய்க் கடல் ஆகி விடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? திருவரங்கத்துச் சித்திரக்காரர் செய்ததும் இதுதான். அவர் பக்தர்கள் சொல்லக் கேட்ட கடலை எழுதினார். இவர்கள் பறிகொடுத்தவர்கள் அழக் கேட்ட கடலை எழுதினார்கள்.

பாறைக்குள் கடல்

திருச்சியில் கடல் இல்லை என்றா சொன்னோம்? இன்று இல்லை. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்தது. பாடாலூர் அருகே ஊட்டத்தூரிலிருந்து அரியலூர் வரை உள்ள நிலம் அன்று கடலுக்குள் கிடந்தது. அங்குள்ள பாறைகளில் சங்கு போல் சுருண்ட அம்மோனைட் முதலிய கடல் உயிர்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஒரு காலத்துப் பாறை வரிசைக்கே ‘திருச்சினாப்பள்ளி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள் நிலவியல் அறிஞர்கள். ஸ்டோலிச்கா என்ற அறிஞர் 1860-களிலும் 70-களிலும் அந்த உயிர்களைப் பற்றிப் பெரிய நூல் தொகுதிகளை வெளியிட்டார். அதற்காகச் சிப்பி சிப்பியாகப் பார்த்து வரைந்த படங்களும் கடல் சித்திரங்கள்தாமே!

இன்னொரு வியப்பு. வைணவ வீடுகளில் பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்தில் சக்கரம் போல் ஒரு சுழி இருக்கும். கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கல்லில் உள்ள சுழி, கல்லாகிப் போன அம்மோனைட்டின் ஓடுதான். பாற்கடல் படத்தின் கீழே, பெட்டிக்குள் உண்மையான கடல் உயிரின் சுவடு ஒன்று அமர்ந்திருக்கிறது!

எஞ்சியிருப்பவை

இத்தனைக்கும் பிறகு திருச்சியிலும் திருவரங்கத்திலும் கண்ணால் காண என்ன மிச்சம்? திருவரங்கம் கோயிலில் வேணுகோபாலன் சந்நிதியிலும் இராமாநுசர் சந்நிதியிலும் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. புகையும் ஈரமும் காலமும் அவற்றை மங்க வைத்திருக்கின்றன. பக்தியின் பெயரால் பழைய சித்திரத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பது தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் நடந்த கொடுமை. சுவர் வெளுத்தது, அதனோடு எத்தனை சித்திரங்கள் போயின என்பதற்குக் கணக்கில்லை.

2015-ஆம் ஆண்டு குடமுழுக்கை ஒட்டித் திருவரங்கத்தில் நடந்த திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பழமையைக் கெடுக்காமல் புதுப்பிக்க முடியும் என்று இந்த ஊரே காட்டியிருக்கிறது. கல்லுக்குக் கிடைத்த கவனம் வர்ணத்துக்கும் கிடைக்க வேண்டும். கல் நூறு ஆண்டு பொறுக்கும். வர்ணம் ஒரு மழைக்காலம்கூடப் பொறுக்காது.

வீடுகளில் இருக்கும் பழைய கண்ணாடிப் படங்களுக்கும் இது பொருந்தும். சட்டம் உளுத்து விட்டது, புதுப்படம் வாங்கி விடலாம் என்று பழையதைக் குப்பையில் போடும் முன் ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கீழ் ஓரத்தில், தூசிக்கு அடியில், யாரோ ஒருவர் பொறுமையாகச் சுழித்த அலைகளும் இரண்டு மீன்களும் இருக்கும். பெயரில்லாத அந்த மனிதர் நமக்கு விட்டுப் போனது அவ்வளவுதான்.