சபையின் நடுவே சுவிசேஷம்

கிறிஸ்தவ சபை சுவிசேஷம் என்று சொல்வது, ஏற்கெனவே நடந்து முடிந்த ஒரு காரியத்தைப் பற்றிய அறிவிப்பை. கி.பி. 50களில் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் பவுல் அதைச் சில வரிகளில் அடக்கிவிடுகிறார். கிறிஸ்து மனிதரின் பாவங்களுக்காக இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தார், பலர் அவரைக் கண்டார்கள். இது தன் சொந்தச் சரக்கு இல்லை, தனக்கு முன்னிருந்தவர்களிடமிருந்து பெற்றது என்றும் அவரே சொல்லிவிடுகிறார். கேட்பவர் என்ன செய்யவேண்டும் என்பது பற்றி இந்தச் சுருக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. அது பிறகு வருகிறது, நிறையவே வருகிறது. ஆனாலும் முதலில் வருவது செய்தி.

இந்தச் செய்தியை வெளிப்படையாக மறுக்கும் சபை அரிது. அது ஓரத்துக்குப் போவது வேறு வழியில். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள். காலியான இடத்தில் நல்ல விஷயங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன: பிள்ளை வளர்ப்பு, குடும்ப சமாதானம், கடன் தீர வழி, அசன விழா, கட்டட நிதி, சபைத் தேர்தல். இவற்றில் எதுவும் தவறில்லை. அதனாலேயே நடுவிலிருந்தது நகர்ந்துபோனதை யாரும் கவனிப்பதில்லை.

கொரிந்து சபையில் இருந்த சிக்கல்கள் இன்றைய எந்த சபைக்கமிட்டிக்கும் அந்நியமாகத் தெரியாது. நான் பவுலின் ஆள், நான் அப்பொல்லோவின் ஆள் என்று கட்சி பிரிந்திருந்தார்கள். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். திருவிருந்துக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் இவற்றைக் கையாளும் விதம் கவனிக்கத்தக்கது. கட்சி மனப்பான்மைக்கு மருந்தாக ஒற்றுமையின் நன்மைகளை அவர் பட்டியலிடவில்லை; பவுலா உங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டான் என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்கிறார். விபசாரத்தைக் கண்டிக்கும் இடத்தில், நீங்கள் விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள் என்பதை நினைவூட்டுகிறார். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற விவாதத்தில், உன் செயலால் இடறுகிற பலவீனமான சகோதரனுக்காகவும் கிறிஸ்து இறந்திருக்கிறார் என்கிறார். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பற்றி இரண்டாம் நிருபத்தில் பேசும்போதும் செல்வராயிருந்த கிறிஸ்து ஏழையானதைச் சொல்லியே கை நீட்டுகிறார். பேச்சு எதைப் பற்றியதானாலும் அதைத் தீர்க்கும் இடம் ஒன்றுதான். சுவிசேஷம் நடுவில் இருப்பது என்றால் அதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்வது என்று நினைப்பவர்களுக்கு முதல் நிருபம் நல்ல பதில். இதில் பேசப்படாத அன்றாட விஷயம் குறைவு.

சபையின் நடுவில் இருப்பது எது என்ற கேள்வி சபை வரலாற்றில் பெரிதாக வெடித்தது ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில். பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்பனையை எதிர்த்து மார்ட்டின் லூதர் 1517இல் எழுதிய 95 கருத்துகளில் 62ஆவது, திருச்சபையின் உண்மையான பொக்கிஷம் சுவிசேஷமே என்கிறது. 1530இல் லூதரன் தரப்பு பேரரசர் முன் வைத்த ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 7ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட்டு, திருமுழுக்கும் திருவிருந்தும் முறைப்படி நடக்கும் இடமே சபை என்று வரையறுத்தது. கட்டடமும் பதவியும் சடங்கு வரிசையும் அந்த வரையறைக்குள் இடம்பெறவில்லை.

லூதர் பிரசங்கித்த விட்டன்பர்க் நகர ஆலயத்தில் 1547இல் நிறுவப்பட்ட பீடச் சித்திரம் இன்றும் இருக்கிறது. மூத்த லூக்கஸ் கிரானாக்கின் பட்டறையில் உருவானது. அதன் அடிப்பலகையில் வலது பக்கம் பிரசங்க மேடையில் லூதர் நிற்கிறார். ஒரு கை திறந்த வேதாகமத்தின்மேல், மற்றொரு கை நடுவை நோக்கி நீண்டிருக்கிறது. இடது பக்கம் பெண்களும் பிள்ளைகளுமாகச் சபையார். இரண்டு பக்கத்துக்கும் நடுவே, வெறுமையான கூடத்தில், சிலுவையில் கிறிஸ்து. பிரசங்கியாருக்கும் கேட்பவர்களுக்கும் இடையில் வேறொன்றும் வரையப்படவில்லை. லூதர் இறந்த அடுத்த ஆண்டே வைக்கப்பட்ட படம் இது. அவரைப் பெரிதாக்கிக் காட்ட எல்லாக் காரணமும் இருந்தும் ஓவியர்கள் அவரை ஓரத்தில் நிறுத்தினார்கள்.

அந்த லூதரன் மரபே 1706 ஜூலையில் மிஷனரி சீகன்பால்குடன் தரங்கம்பாடியில் இறங்கியது. 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறிவிட்டது. ஆனால் வேதம் தமிழில் கிடைத்ததாலேயே சுவிசேஷம் சபை வாழ்வின் எல்லா மூலைக்கும் போய்விடவில்லை. தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருவதும், திருவிருந்தில் யார் முதலில் என்ற வரிசையும் தலைமுறை தலைமுறையாக நீடித்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இவற்றை உடனே ஒழிக்கும்படி உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கலாத்தியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் இதற்கு நேரான சம்பவம் ஒன்று இருக்கிறது. அந்தியோகியாவில் யூதரல்லாதாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொள்கிறார். பவுல் அதை நாகரிகக் குறைவு என்று விட்டுவிடாமல், சுவிசேஷத்தின் உண்மைக்கு முரணான நடத்தை என்று எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கிறார். பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது அவருக்கு உபதேச விஷயம். இந்தப் பகுதி பிரசங்கிக்கப்பட்டும், கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்துச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

மேடையில் நடக்கும் நழுவலைப் பார்க்கத் தாவீதும் கோலியாத்தும் போதும். வழக்கமான பிரசங்கம் இப்படிப் போகும்: உங்கள் வாழ்க்கையில் கோலியாத் எது? வியாதியா, கடனா, மேலதிகாரியா? தாவீதைப்போல விசுவாசித்து எதிர்த்து நில்லுங்கள், விழுவான். ஐந்து கூழாங்கற்களுக்கும் ஐந்து பெயர் கொடுப்பவர்களும் உண்டு. கேட்கும்போது உற்சாகம் வரும். திங்கட்கிழமை கோலியாத் விழாதபோது, தன் விசுவாசம் போதவில்லை என்ற குற்ற உணர்வும் வரும். ஆனால் 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தில் நாற்பது நாளாகச் சவாலைக் கேட்டு நடுங்கி நின்றது இஸ்ரவேல் சேனை. எல்லோருக்கும் பதிலாக ஒருவன் போனான். வாளைத் தொடாதவர்களுக்கும் அவன் வெற்றியில் பங்கு கிடைத்தது. கேட்பவர் தன்னை அந்தச் சேனையில் வைத்துப் பார்த்தால், தாவீதின் வழியில் வந்த இன்னொருவரை நோக்கிக் கதை தானாகத் திரும்புகிறது. அதே நேரம், எந்த வசனத்தையும் வளைத்து சிலுவையில் கொண்டுபோய் முட்டவைப்பதும் பிரசங்கமாகாது. கூழாங்கல்லுக்குப் பெயர் வைக்கும் வேலையைவிட அது பெரிதாக மேம்பட்டதில்லை.

புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசனத்திலும் இதே நழுவல் நடக்கிறது. ஆசீர்வாதத்தைச் சொல்லும் வரி சூழலிலிருந்து தனியே பெயர்த்தெடுக்கப்பட்டு ஆண்டு முழுவதும் சுவரில் தொங்குகிறது. செழிப்பையே விசுவாசத்தின் அடையாளமாக்கும் போதனையை 2010இல் கேப் டவுனில் கூடிய லொசேன் சுவிசேஷ இயக்க மாநாட்டின் அறிக்கை பெயர் சொல்லியே மறுத்தது.

கிருபையை மட்டும் சொன்னால் ஒழுக்கம் தளர்ந்துவிடாதா என்ற அச்சம் பழையது; ரோமர் நிருபத்திலேயே பவுல் அதை எழுப்பிப் பதில் சொல்கிறார். பத்துக் கட்டளைகளும் எகிப்திலிருந்து விடுவித்ததைச் சொல்லிவிட்டே தொடங்குகின்றன. ரோமர் நிருபம் 11 அதிகாரங்கள் தேவன் செய்ததைப் பேசிவிட்டு, 12ஆம் அதிகாரத்தில்தான் விரிவான நடைமுறை அறிவுரைக்கு வருகிறது. கட்டளை குறைவதில்லை, அது நிற்கும் இடம் மாறுகிறது.

பிரசங்கியாரின் நல்ல மனதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதால் சபைகள் சில ஏற்பாடுகளைச் செய்துவைத்திருக்கின்றன. மூன்றாண்டுச் சுழற்சியில் வரும் வேதபாட அட்டவணை, பிடித்த பகுதியையே சுற்றிவருவதைத் தடுக்கிறது. விசுவாசப் பிரமாணம் ஒவ்வொரு ஆராதனையிலும் மரணத்தையும் உயிர்ப்பையும் சொல்லவைக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை போன்ற முறைமைச் சபைகளில், பிரசங்கம் முழுக்கப் பள்ளிக் கட்டட நிதியைப் பற்றியதாக இருந்தாலும், அப்பத்தையும் ரசத்தையும் எடுத்து ஏறெடுக்கும் ஜெபம் அன்றைய சபைக்குச் சுவிசேஷத்தைச் சொல்லிவிடும். கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட ஊக்கவுரையும் மறையுரைக்கு நீண்ட பகுதி ஒதுக்கி, முதல் நற்செய்தி அறிவிப்பு வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறது.

அச்சிட்ட முறைமை இல்லாத சுயாதீன சபைகளில் பாரம் முழுவதும் பிரசங்கியார் தலையில் விழுகிறது. அங்கே பலர் கைக்கொள்ளும் வழி, வேதாகமத்தின் ஒரு புத்தகத்தை எடுத்து அதிகாரம் அதிகாரமாகப் பிரசங்கித்து முடிப்பது. சூரிச்சில் சீர்திருத்தவாதி ஸ்விங்லி 1519 ஜனவரி முதல் நாளில் மத்தேயுவைத் தொடங்கியது இந்த முறையின் பிரபலமான உதாரணம். இதற்கும் எல்லை உண்டு. நீதிமொழிகளை 31 வாரம் வரிசை தவறாமல் பிரசங்கித்தும், ஒரு வாரம்கூட கிறிஸ்துவின் பெயர் வராமல் முடித்துவிடலாம்.