வெயிலில் வரும் வெள்ளம்

"இங்கே தூறல்கூட இல்லையே, ரோட்டில் எப்படிங்க தண்ணி?" கார்த்திகை மாதத்து உளுந்தூர்பேட்டை டீக்கடைகளில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். கேட்பவர் திருச்சியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்து, சென்னைக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டவராக இருப்பார். நியாயமான கேள்விதான். ஆனால் நின்றபடியே பதில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை. உட்காருங்கள்.

முதலில் நம் பக்கத்து ஆறுகளைப் பாருங்கள். தென்பெண்ணையோ மணிமுத்தாவோ, வருஷத்தில் பாதிக்கு மேல் மணல்தான். நடுவில் சீமைக் கருவேலம் முளைத்திருக்கும், மாடு மேயும், பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். பாலைவனத்து ஆறுகளும் இப்படித்தான். ஆஸ்திரேலியாவில் பேர்ட்ஸ்வில் பாதை என்று ஒரு நெடிய மண் சாலை, வறண்ட பூமியின் குறுக்கே போகிறது. அதை கூப்பர் என்ற ஓடை வெட்டுகிறது. வெள்ளம் வந்துவிட்டால் அங்கே வண்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்க்க வேண்டும். வெள்ளம் வரும் நாளில் அங்கே வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கலாம். மழை பெய்தது பல நூறு கிலோமீட்டர் தள்ளி, குயின்ஸ்லாந்தில். 2025 மார்ச்சில் அங்கே கொட்டிய மழை, அந்தப் பக்கத்து ஆறுகள் போய்ச் சேரும் ஐர் ஏரிக்கு வந்து சேர மே மாதம் ஆனது. சாவகாசமாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு அந்தச் சாவகாசம் கிடையாது. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று வந்து, கடலூர் அருகே கடலில் சேர்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடற்கரை மாவட்டங்களை நனைத்ததோடு அது ஓயவில்லை. வலுவிழந்தபடியே உள்நாட்டுக்குள் நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணைக்கு வந்தது. அணை ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்திருந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் நொடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள்.

இந்த எண்ணைப் பத்திரிகையில் படித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறோம். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். கணக்குப் போட்டால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஏறக்குறைய 400-ஐ ஒவ்வொரு நொடியும் ஆற்றில் கவிழ்ப்பதற்குச் சமம். "அணை எதற்கு இருக்கிறது, பிடித்து வைக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7.3 டி.எம்.சி. அந்த வேகத்தில் வெள்ளம் வந்தால், காலியாக இருக்கும் அணையே சுமார் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். நிறைந்த அணையால் வழிவிடத்தான் முடியும்.

அன்று தென்பெண்ணையும் அதிலிருந்து பிரியும் மலட்டாறும் கரை புரண்டன. நமக்கு வடக்கே அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் ஓடியது. நான்கு வழிச் சாலை, கார் நூறில் பறக்கிற இடம், போக்குவரத்தை நிறுத்தினார்கள். விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களும் ரத்தாயின. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டில், திறந்து சுமார் மூன்று மாதமே ஆன பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போனது.

முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது அரசு, போதவில்லை என்றது எதிர்க்கட்சி. அந்த வழக்கில் நான் நுழையவில்லை. எனக்குப் படுவது வேறு. நம் வெள்ள எச்சரிக்கை எல்லாமே கரையோரக் கிராமத்துக்காரரை நினைத்துச் செய்யப்படுகிறது. ஒலிபெருக்கி கட்டிய ஜீப் அவர் தெருவுக்குப் போகும். மதுரையில் இரவு பஸ் ஏறித் தூங்கிக்கொண்டு வருகிறவருக்கு யார் சொல்வார்கள்?

"மணல்தானே, தண்ணீரைக் குடித்துவிடும்" என்பதும் நம்பக்கூடிய பேச்சில்லை. ராஜஸ்தானில் தார் பாலையில், பார்மேர் மாவட்டத்து கவாஸ் கிராமம் 2006 ஆகஸ்டில் மூழ்கியது. மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் தேங்கி நின்றது. பாலைவனத்திலேயே அந்தக் கதி.

தரைப்பாலத்துக்கு வருவோம், உயிர் போவது பெரும்பாலும் அங்கேதான். அரையடி உயரத்துக்கு வேகமாக ஓடும் நீர் ஆளைச் சாய்த்துவிடும். ஓரடி போதும், சின்னக் காரை நகர்த்த; இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகள் மிதந்துவிடும். முன்னால் போன லாரி கடந்துவிட்டதே என்பது ஒரு சாட்சியே இல்லை. அதன் எடை வேறு, உங்கள் ஸ்கூட்டரின் எடை வேறு. அதோடு, கலங்கல் தண்ணீருக்கு அடியில் சிமென்ட் தளம் இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது. கீழ்ப்புறத்து ஓரம்தான் முதலில் பறியும். நுரையும் சுள்ளியும் தென்னை மட்டையும் மிதந்து வந்தால் தண்ணீர் இன்னும் ஏறுகிறது என்று அர்த்தம். அப்போது வண்டியைத் திருப்புங்கள், கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும்.

ஆக, இந்த ஊரிலிருந்து கிளம்புகிறவர் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்துப் பயனில்லை, போகிற திசைக்கு ஏற்ற ஆற்றை விசாரிக்க வேண்டும். விழுப்புரம் பக்கம் என்றால் சாத்தனூரில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் பக்கம் என்றால் கோமுகி, மணிமுத்தா அணைகள். இரண்டுக்கும் தண்ணீர் கல்வராயன் மலையிலிருந்து வருகிறது, மலை ஓடையில் நீர் ஏற நேரமே எடுக்காது. மாவட்டப் பேரிடர் எண் 1077. டிஎன் அலர்ட் செயலியிலும் அணை நிலவரம் பார்க்கலாம். முந்தின இரவு பார்த்ததை நம்பி விடியற்காலை கிளம்ப வேண்டாம், புறப்படும்போது மறுபடி பாருங்கள்.

பண்ருட்டிப் பக்கம் போகிறவருக்கு மட்டும் இந்த வசதி இல்லை. கெடிலத்தில் பெரிய அணை எதுவும் கிடையாது. திறந்தார்கள், மூடினார்கள் என்ற அறிவிப்பும் வராது. அதற்குத் திருநாவலூரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டு, பாலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.