நீரில் நனைந்த வரைகலை அட்டை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணி பெருகி நெல்லைச் சந்திப்புப் பகுதியில் புகுந்ததை எவரும் மறந்திரார். அவ்வெள்ளத்தில் எம் துறைக் கணிப்பொறியும் பாதியளவு நனைந்தது. அதன் கிராபிக்ஸ் கார்டு, அஃதாவது வரைகலை அட்டை, உத்தரவாதக் காலத்திற்குள்தான் இருந்தது. ஆயினும் நீரால் நேர்ந்த பழுது அதில் அடங்காது என விற்றவர் கைவிரித்துவிட்டார். மாணவர் படியெடுத்துச் சேர்த்த பழைய இசுலாமியத் தமிழ் நூற்பக்கங்கள் அழிந்தனவோ எனக் கலங்கினோம். அவை உறைவது வன்தட்டில். அது மேலடுக்கில் இருந்தமையால் தப்பியது. அட்டையோ அவற்றைத் திரையில் காட்டும் கருவி மட்டுமே.

நனைந்த அட்டைக்குப் பெருங்கேடு, ஈரம் காயுமுன் பாய்ச்சும் மின்சாரமே. சேற்றிலுள்ள உப்புகளின் வழியே அது கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். ஆதலின் இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டோம். விசிறியைக் கழற்றி, பழைய வெப்பப் பசையைத் துடைத்து, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரால் சேற்றைக் கழுவினோம். பின்னர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த மென்தூரிகையால் துலக்கினோம். சில்லின் அடியில் ஈரம் ஒளிந்து நிற்குமாதலால் மூன்று நாள் காற்றில் உலரவிட்டு, புதுப்பசை தடவிப் பொருத்தினோம். படம் வந்தது, குறுக்குக் கோடுகளும் உடன்வந்தன.

பேக்கரி அடுப்பில் வைத்தெடுக்குமாறு நண்பரொருவர் கூறினார். ரொட்டி சுடும் அடுப்பில் இதனை வைப்பது உண்பவர்க்குக் கேடு என்பது ஒருபுறமிருக்க, சூட்டால் பிழைக்கும் அட்டைகள் பெரும்பாலும் விரைவிலேயே மீண்டும் சாயும். 2008இல் என்விடியா நிறுவனம் மடிக்கணினிச் சில்லுகளின் பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. அங்குக் குறை சில்லையும் அதன் தாங்குபலகையையும் இணைக்கும் பொருளில் இருந்தது. அதனை அடுப்பு திருத்தாது.

அட்டையின் தங்கமுலாம் முனைகளை அழிப்பானால் மெல்லத் துடைத்துச் செருகியபின் எமக்குக் கோடுகள் மறைந்தன. நூற்பக்கங்களை வேறொரு வன்தட்டிலும் படியெடுத்து, மாடியறையில் வைத்துள்ளோம்.