கால்சியம் புளோரைடு

கால்சியம் புளோரைடு என்பது கால்சியம், புளோரின் ஆகிய இரு தனிமங்களும் சேர்ந்து உருவாகும் ஒரு கனிமச் சேர்மம் ஆகும். இதில் ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு புளோரைடு அயனிகள் என்ற விகிதம் அமைந்துள்ளது. இயற்கையில் இது புளோரைட்டு என்னும் கனிமமாகக் கிடைக்கிறது. இச்சேர்மம் நீரில் மிகச் சிறிதளவே கரையும். எனினும், சில பகுதிகளில் நிலத்தடி நீர் குடிப்பதற்கு உகந்ததா என்பதை அச்சிறிதளவே தீர்மானிக்கிறது.

பெயர்க்காரணம்

உலோகங்களை உருக்கும்போது புளோரைட்டைச் சேர்த்தால் கசடு எளிதில் உருகி ஓடும். எனவே "ஓடுதல்" என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இக்கனிமத்தின் பெயர் உருவானது. புளோரின் என்னும் தனிமத்தின் பெயர் இதிலிருந்தே வந்தது. சில புளோரைட்டுப் படிகங்கள் புறஊதா ஒளியில் ஒளிர்வதால், 1852 இல் சியார்ச்சு சுடோக்சு இவ்வகை ஒளிர்வுக்கு இக்கனிமத்தின் பெயரையொட்டியே பெயரிட்டார்.

படிகக் கட்டமைப்பு

கால்சியம் அயனிகள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் மையங்களிலும் அமைகின்றன. அவற்றுக்கிடையே உள்ள எட்டு நான்முகி இடைவெளிகளையும் புளோரைடு அயனிகள் நிரப்புகின்றன. மூலையிலுள்ள அயனியை எட்டு கனசதுரங்களும், முகத்திலுள்ள அயனியை இரண்டு கனசதுரங்களும் பகிர்ந்துகொள்வதால், ஓர் அலகுக்கூட்டுக்கு உரியவை 4 கால்சியம் அயனிகளும் 8 புளோரைடு அயனிகளும் ஆகும். ஒவ்வொரு கால்சியம் அயனியைச் சுற்றி எட்டு புளோரைடு அயனிகளும், ஒவ்வொரு புளோரைடு அயனியைச் சுற்றி நான்கு கால்சியம் அயனிகளும் உள்ளன. அலகுக்கூட்டின் பக்க நீளம் ஏறத்தாழ 546 பிக்கோமீட்டர். யுரேனியம் ஈராக்சைடு, தோரியம் ஈராக்சைடு ஆகியவையும் இதே கட்டமைப்பு உடையவை.

பண்புகள்

தூய கால்சியம் புளோரைடு நிறமற்றது. கனிமத்தில் காணப்படும் ஊதா, பச்சை, மஞ்சள் நிறங்களுக்கு மாசுகளும் படிகக் குறைபாடுகளும் காரணமாகும். இதன் உருகுநிலை சுமார் 1418 பாகை செல்சியசு. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் இதன் மதிப்பு 4. அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு மிக வலிமையானது என்பதால் 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 16 மில்லிகிராம் மட்டுமே கரையும். செறிந்த கந்தக அமிலத்துடன் சூடாக்கினால் ஐதரசன் புளோரைடும் கால்சியம் சல்பேட்டும் கிடைக்கும்.

நிலத்தடி நீரில் புளோரைடு

16 மில்லிகிராம் கால்சியம் புளோரைடில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் புளோரைடு உள்ளது. உலக சுகாதார அமைப்பு குடிநீருக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவோ லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நீரில் கால்சியம் மிகுந்திருந்தால், புளோரைடு அதனுடன் சேர்ந்து வீழ்படிவாகும். கரைசலில் தங்கும் அளவு குறையும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் இத்தடை தளர்வதால் பாறைகளிலிருந்து வரும் புளோரைடு கரைந்தே நிற்கும். இத்தகைய நீரைப் பல ஆண்டுகள் பருகுவோருக்குப் பற்களில் கறையும், எலும்பு, மூட்டுப் பாதிப்பும் ஏற்படுகின்றன. இந்நோய் புளோரோசிசு எனப்படும். நீரைக் கொதிக்க வைப்பது இதற்குத் தீர்வாகாது. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் இச்சிக்கலுக்கு உள்ளானவை. அங்கு காவிரி நீரை வழங்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது.

பயன்கள்

எஃகு உற்பத்தியில் இளக்கியாகவும், ஐதரசன் புளோரைடு தயாரிப்பில் மூலப்பொருளாகவும் புளோரைட்டு பயன்படுகிறது. புறஊதாக் கதிர் முதல் அகச்சிவப்புக் கதிர் வரை ஊடுருவ விடுவதாலும், ஒளிவிலகல் எண் சுமார் 1.43 என்ற குறைந்த அளவில் இருப்பதாலும், செயற்கையாக வளர்த்த தூய படிகங்கள் நுண்ணோக்கி, தொலைநோக்கி ஆகியவற்றின் வில்லைகளாகின்றன. கால்சியத்துக்கும் புளோரைடுக்கும் உள்ள நாட்டம் மருத்துவத்திலும் பயன்படுகிறது. ஐதரோபுளோரிக் அமிலம் பட்ட தோலில் கால்சியம் குளுக்கோனேட்டுக் களிம்பு பூசப்படுகிறது. அதிலுள்ள கால்சியம், உடலுக்குள் ஊடுருவும் புளோரைடைப் பிணைத்துக் கரையாத கால்சியம் புளோரைடாக மாற்றுகிறது.